மூழ்குபவராக நடிப்பவர்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு 2018 கடைசியில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். டைவிங் செய்பவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். அங்கே கடற்கரைகளைப் பெயரைவிட நம்பர் சொல்லியே குறிப்பிடுவார்கள். இரண்டாம் நம்பர் கடற்கரையை ஒட்டி நீமோ ரீஃப் என்ற ஆழம் குறைந்த பவளத்திட்டு இருக்கிறது. புதிதாக ஸ்கூபா கற்பவர்கள் பலர் முதலில் இறங்கும் இடம் அது. சீசன் நாட்களில் காலையில் அந்தக் கரையில் நின்றால் பதறவைக்கும் காட்சி ஒன்று கண்ணில் படலாம். கொஞ்சதூரத்தில் ஒருவர் தலை செங்குத்தாக எழும்புகிறது, அமுங்குகிறது. கண்ணில் இருக்க வேண்டிய மாஸ்க் நெற்றிக்கு ஏறிவிட்டது. வாயில் இருக்க வேண்டிய ரெகுலேட்டர் தோளுக்குப் பின்னால் தொங்குகிறது. இரண்டு கைகளும் இல்லாத ஏணியில் ஏறப் பார்ப்பதுபோல் தண்ணீரை அடிக்கின்றன. காப்பாற்றப் போகிறவரோ வேகமாக நீந்திப் போய், கைக்கு எட்டாத தூரத்தில் சட்டென்று நின்றுவிடுகிறார். அங்கிருந்தே கத்துகிறார்: "என்னைப் பாருங்க! பிசியில காத்து ஏத்துங்க! வெயிட் பெல்ட்டைக் கழட்டி விடுங்க!"

தத்தளிப்பவர் நடிக்கிறார். அவர் டைவ்மாஸ்டர் ஆவதற்குப் பயிற்சி பெறுபவர். காப்பாற்ற வந்தவர், மீட்பு டைவர் படிப்பில் சேர்ந்த மாணவர். நிஜமான ஆபத்தோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, இத்தகைய பயிற்சிகளில் பல இடங்களில் 'காப்பாத்துங்க' என்பதற்குப் பதில் சம்பந்தமில்லாத ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்வார்கள். "பிட்சா, பிட்சா" என்று கடலிலிருந்து அலறல் வந்தால் பயிற்சி நடக்கிறது என்று பொருள். உண்மையிலேயே உதவி வேண்டுமென்றால் நேராகச் சொல்ல வேண்டும்.

டைவ்மாஸ்டர் என்பது பொழுதுபோக்கு டைவிங்கில் தொழில்முறையின் முதல் படி. 1943-இல் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் பிரான்சில் அக்வாலங் கருவியை உருவாக்கியபின், தண்ணீருக்கடியில் மூச்சுவிடுவது பொதுமக்களுக்கும் எட்டியது. அதைச் சாகாமல் செய்யச் சொல்லிக்கொடுக்க அமைப்புகள் வந்தன: பிரிட்டனில் 1953-இல் பிஎஸ்ஏசி, அமெரிக்காவில் 1966-இல் பாடி. இன்று உலகில் மிகப் பரவலாக இருப்பது பாடியின் பாடத்திட்டம் என்பதால் அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் படியான ஓப்பன் வாட்டர் முடித்தவர் 18 மீட்டர் வரை போகலாம். அடுத்தது அட்வான்ஸ்டு, 30 மீட்டர். மூன்றாவது மீட்பு டைவர். அதுவரை எல்லாம் தனக்காகவும் கூட வரும் தோழருக்காகவும் கற்பது. டைவ்மாஸ்டரில்தான் முன்பின் தெரியாத மனிதர்களின் உயிர் ஒருவர் பொறுப்பில் வருகிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், மருத்துவர் கையெழுத்து வேண்டும், பயிற்சியில் சேர 40 டைவ், சான்றிதழ் பெற 60 டைவ் கணக்கில் இருக்க வேண்டும்.

தண்ணீரில் ஒருவர் ஏன் பதறுகிறார் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். காற்று தீர்ந்துபோயிருக்கும் என்றுதான் கரையிலிருப்பவர் நினைப்பார். பல சமயம் சிலிண்டரில் காற்று தாராளமாக இருக்கும். வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் நாம் வெளியில் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 2,200 லிட்டர் அதற்குள் அடங்கும். ஆனால் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் மேற்பரப்பைப்போல் மூன்று மடங்கு காற்று செலவாகும். காற்றும் அதே அளவுக்கு அடர்த்தியாகிவிடுவதால் இழுத்து விடுவதே ஒரு வேலையாகிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியோ மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து மிரண்டோ ஒருவர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் தொடங்கினால், அந்த அரைமூச்சுகள் கார்பன் டை ஆக்சைடை முழுதாக வெளியேற்றுவதில்லை. உடலுக்கு மூச்சுமுட்டல் உணர்வைத் தருவது பெரும்பாலும் அந்த வாயுதான். மூச்சு முட்டுகிறது என்று இன்னும் வேகமாக இழுக்கிறார். வாயு இன்னும் சேர்கிறது. அந்த நிலையில் வாயிலிருக்கும் ரெகுலேட்டர்தான் தன் மூச்சை அடைப்பதாகத் தோன்றும். பிடுங்கி எறிந்துவிடுவார். உயிர்க்காற்று தரும் கருவியைத் துப்பிவிட்டு மூழ்குவது வெளியிலிருந்து பார்க்கப் பைத்தியக்காரத்தனம். உள்ளேயிருந்து பார்த்தால் அது ஒழுங்கான தர்க்கம்.

இதைவிட ஆபத்தான எதிர்வினை ஒன்றும் உண்டு: மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது. 10 மீட்டரில் நிரம்பிய நுரையீரலின் காற்று, மேற்பரப்பை எட்டும்போது இரு மடங்காக விரியும். போக வழியில்லாவிட்டால் நுரையீரல் கிழியும். குமிழிகள் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இதற்கு ஆழமே தேவையில்லை. ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய ஆழத்திலிருந்து மூச்சைப் பிடித்தபடி எழுந்தாலும் காயம்படக் கூடும். நீச்சல்குளத்திலேயே டைவ்மாஸ்டர் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பது இதனால்தான்.

மேற்பரப்பில் பதறுபவர் நெருங்கி வருபவரைப் பிடித்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்ளப் பார்ப்பார். அவருக்கு அந்த நேரத்தில் நீங்கள் மிதக்கும் கட்டை. அதனால்தான் மாணவர் எட்டத்தில் நின்று குரல் கொடுக்கிறார். காற்று நிரப்பும் உடுப்பான பிசியை ஊதவைத்தாலே போதும், பலர் தெளிந்துவிடுவார்கள். பாய்ந்து பிடித்துவிட்டால் மீட்பவர் செய்ய வேண்டியது கீழே போவது. தண்ணீருக்குள் போகிறவரை அவர் பற்றியிருக்க மாட்டார். அப்படியே அடியில் சுற்றி முதுகுப்பக்கம் வந்து, முழங்கால்களால் சிலிண்டரை இடுக்கிக்கொண்டு, பின்னாலிருந்தே அவருடைய பிசியில் காற்றை ஏற்ற வேண்டும். அந்தப் பிடிக்குள் அவர் கை எட்டாது.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், கல்லைக் காலில் கோத்து இறங்குபவருக்கு இணையான முக்கியத்துவம் மேலே கயிறு பிடிப்பவருக்கு இருந்தது. கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் போச்சு. அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், தங்கை தாலி அவன் கையில் இருக்கிறது என்று நம் பக்கத்தில் சொல்லப்படுவதுண்டு. ஸ்கூபாவில் கயிறு அறுந்துவிட்டது. கீழே போனவர் மேலேயிருப்பவரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் விரும்பிய திசையில் நீந்துகிறார். கயிறு பிடித்தவரும் கூடவே தண்ணீருக்குள் இறங்க வேண்டியதாயிற்று. டைவ்மாஸ்டர் வேலையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அதற்கான உடல்தகுதிச் சோதனைகள் வெளிப்படையானவை. உபகரணம் எதையும் அணியாமல் 400 மீட்டர் நீச்சல். ஆறரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். நின்ற இடத்தில் 15 நிமிடம் மிதத்தல், கடைசி இரண்டு நிமிடம் கைகள் தண்ணீருக்கு வெளியே. ஸ்னார்க்கலோடு 800 மீட்டர். அசைவற்ற ஒரு டைவரை 100 மீட்டர் இழுத்துச் செல்லுதல். பயிற்சி இருந்தால் இவை எல்லாமே முடியும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடச் சிறந்த சோதனை, உபகரண மாற்று என்று சொல்லப்படுவது. இரண்டு பேர் நீச்சல்குளத்தின் அடியில் மண்டியிடுகிறார்கள். ஒரே ஒரு ரெகுலேட்டர். ஒருவர் இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மற்றவரிடம் நீட்டுவார், அவர் இரண்டு மூச்சு இழுத்துத் திருப்பித் தருவார். இப்படி ஒற்றை ரெகுலேட்டரில் உயிரைப் பகிர்ந்துகொண்டே மாஸ்க், ஃபின், சிலிண்டரோடு சேர்ந்த பிசி எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் மாற்றி அணிய வேண்டும். வெயிட்டும் உடையும் மட்டும் அப்படியே இருக்கும். மாஸ்க் இல்லாத நேரத்தில் கண் மங்கலாகிவிடும், மூக்குக்குள் தண்ணீர் நிற்கும், தோழரின் விரல்கள் மட்டும்தான் புலப்படும். வாயில் ரெகுலேட்டர் இல்லாத நேரமெல்லாம் மெல்லிய குமிழிச் சரம் ஒன்று உதட்டிலிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கக் கூடாது. இப்படி ஒரு வேலை கடலில் யாருக்கும் நேராது. ஆனால் எதிரிலிருப்பவருக்கு எப்போது மூச்சு தேவை என்று அவர் கேட்காமலே தெரிந்து நீட்டும் பழக்கம் இதில்தான் கைக்கு வருகிறது. அவசரப்படுபவர்கள் தோற்பார்கள். மெதுவாகச் செய்யும் ஜோடிகள் முதல் தடவையிலேயே முடித்துவிடுவதுண்டு.

மற்றபடி மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி ஊதி வெளியேற்றுவது போன்ற 24 திறன்களை மாணவர் பார்த்துக் கற்கும்படி நிதானமாகச் செய்துகாட்டுவது, ஒரு டைவ் தளத்துக்கு வரைபடம் வரைவது, தொலைந்த பொருளைத் தேடி எடுப்பது, இயற்பியல், உடலியல் தேர்வுகள் என்று பயிற்சி நீளும்.

மீட்பு டைவர் படிப்புக்கு உதவப் போகும்போதுதான் பயிற்சி வேறு தளத்துக்கு வருகிறது. அந்தப் படிப்பின் உச்சம், மேற்பரப்பில் சுயநினைவின்றிக் கிடக்கும் டைவரைக் காப்பாற்றும் பாடம். மாணவர் நெருங்கி, குரல் கொடுத்து, குப்புறக் கிடப்பவரின் மணிக்கட்டுகளைப் பற்றி ஒரே திருப்பில் மல்லாத்துகிறார். வெயிட்டுகளை உதறிவிட்டு, பிசியில் காற்று ஏற்றி, இருவர் மாஸ்க்குகளையும் ரெகுலேட்டர்களையும் அகற்றுகிறார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காதை வாயருகே வைத்து 10 வினாடி மூச்சைத் தேடுகிறார். இல்லை. இரண்டு மீட்பு மூச்சு. அதற்குப்பின் ஐந்து வினாடிக்கு ஒரு மூச்சு. இந்தக் கணக்கு உடையவே கூடாது. கரை நோக்கி இழுத்துக்கொண்டே, அந்த ஐந்து வினாடி இடைவெளிக்குள் ஒரு கிளிப்பைத் திறக்க வேண்டும், மூச்சு, அடுத்த இடைவெளியில் வயிற்றுப்பட்டை, மூச்சு, பிறகு தோள்பட்டை. பயிற்சியில் ஊதுவதாகப் பாவனைதான். எண்ணிக்கை மட்டும் நிஜம்.

கரைக்கு வந்ததும் சுத்தமான ஆக்சிஜன் கொடுப்பார்கள். திசுக்களில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும் நோயிலும் அதற்குப் பலன் உண்டு. சுவாசத்தில் நைட்ரஜனே இல்லாதபோது உடலிலிருப்பது வேகமாக வெளியேறும். உண்மையான சிகிச்சை அழுத்த அறையில். ஹேவ்லாக்கிலிருந்து அதற்குக் கடல்வழியே போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போக வேண்டும். அங்கே ஐஎன்எச்எஸ் தன்வந்திரி கடற்படை மருத்துவமனையில் அந்த அறை இருக்கிறது. எந்தப் படகு, யாருக்குப் போன், ஆக்சிஜன் எவ்வளவு நேரம் வரும் என்பதை எழுதி வைக்காமல் நல்ல டைவ் சென்டர் எதுவும் படகைக் கிளப்பாது.

ஆனால் நல்ல டைவ்மாஸ்டருக்கு இந்தக் கட்டம் வருவதே அபூர்வம். அவர் டுங்கிப் படகில் உட்கார்ந்திருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுகிறார். எல்லோரும் பேசும்போது ஒருவர் மட்டும் ஏன் மௌனமாகிவிட்டார்? சரியாக இருக்கும் மாஸ்க் பட்டையை ஏன் திரும்பத் திரும்ப இழுக்கிறார்? தண்ணீருக்குள் போனதும் குமிழிகளைப் பார்ப்பார். இடைவெளி விட்டு வந்தால் நிம்மதி. விடாமல் கொப்பளித்தால் அருகில் போக வேண்டும். திரும்பியதும் தலை எண்ணுவார், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளைக் கண்ணால் பார்த்து. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டாம், ஐலீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு டைவ் படகு கரை திரும்பியது. எண்ணிக்கையில் பிழை. இரண்டு நாள் கழித்துப் படகில் அவர்கள் பை கிடப்பதைப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அவர்கள் உடல்கள் கிடைக்கவே இல்லை. டைவிங் உலகில் தலைக்கணக்கு பற்றிப் பேசும் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும்.

மூழ்குபவராக நடிப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது. நன்றாக நடிக்க, பதற்றத்தின் அடையாளங்களைத் தன் உடம்பில் வரவழைக்க வேண்டும்: விரிந்த கண், அரைமூச்சு, கேட்டும் கேளாத பார்வை. கத்தாமல் கல்லாக உறைந்துவிடும் பதற்றத்தையும் நடித்துக்காட்ட வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது அதைத்தான். பல நாள் அப்படி நடித்தவர், பிறர் முகத்தில் அதே அடையாளம் துளிர்க்கும்போதே பிடித்துவிடுகிறார். சுயநினைவற்றவராகக் கிடக்கும்போதோ, காதுகள் தண்ணீருக்குள், கண்கள் மூடியபடி, தன் தலையைத் தாங்கும் கையின் ஒவ்வொரு தளர்வையும் அவர் கணக்கெடுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கணக்கு வேறு யாரிடமும் இருக்காது, இன்ஸ்ட்ரக்டரிடம்கூட. அதனால் பயிற்சி முடிந்ததும் முதலில் பேசச் சொல்வது அவரைத்தான்.

"கழட்டுற வரைக்கும் எல்லாம் சரியா இருந்துச்சு அண்ணா. தோள்பட்டை கிளிப்புல விரல் மாட்டுனப்போ எண்ணுறதை விட்டுட்டீங்க, எட்டு வினாடி மூச்சு வரல. அப்பவே உங்க இடது கை கழுத்தை விட்டு நழுவிருச்சு. ரெண்டு வாய் தண்ணி உள்ள போச்சு."

மாணவர் கேட்டுக்கொள்கிறார். இன்ஸ்ட்ரக்டர் இருவரையும் திரும்பத் தண்ணீரில் இறங்கச் சொல்கிறார், தோள்பட்டை கிளிப்பிலிருந்து.