உங்களுக்குத் தெரியுமா? மிளகுக் கணக்கு எந்த ஊரில் இருக்கிறது?

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால் கொல்லிமலை. மலைமேல் 14 நாடுகள். அவற்றில் ஒன்று திண்ணனூர் நாடு. அங்கே மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் போனிலேயே பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “கிளவுடில் சேமிக்கப்பட்டது” என்கிறது செயலி. எங்கே சேமித்தது? யாருடைய இடத்தில்? என்ன வாடகைக்கு? இந்த வாரத் துணுக்குகள் அந்தக் கணக்கைத் துரத்திக்கொண்டு போகின்றன.

● கிளவுட் என்பது ஆகாயத்தில் இல்லை. காங்கிரீட் கட்டடத்துக்குள், குளிரூட்டிய அறைகளில், வரிசை வரிசையாக நிற்கும் கணினிகள்தான் அது. மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் புனே, மும்பை, சென்னை என மூன்று ஊர்களை மையமாக வைத்து இந்தியாவில் தன் கிளவுட் சேவையைத் தொடங்கியது. அமேசான் 2016-இல் மும்பைக்கும் 2022-இல் ஹைதராபாத்துக்கும் வந்தது. கூகுள் 2017-இல் மும்பை, 2021-இல் டெல்லி. மென்பொருள் நிறுவனம் இந்தியச் சர்வரைத் தேர்ந்தெடுத்திருந்தால், திண்ணனூர் நாட்டு மிளகுக் கணக்கு இப்படிப்பட்ட ஓர் ஊரில்தான் படுத்திருக்கும்.

● கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னை 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கடக்க 2 மில்லிநொடி போதும். ஆகவே பில் ஏறாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் சென்னை தொலைவில் இருப்பதைக் குறை சொல்லாதீர்கள். போனுக்கும் டவருக்கும் நடுவே ஒரு மலைச்சரிவு நிற்கிறதா என்று பாருங்கள்.

● டீக்கடையில் “இருபது ரூபாய் பெறப்பட்டது” என்று உரக்கச் சொல்லும் பெட்டியும் கிளவுடின் கடைசி நுனிதான். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. பணம் வந்த செய்தியை எங்கோ உள்ள சர்வர் அதற்கு அனுப்புகிறது. ‘கிளவுட் எல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்’ என்று சொல்பவர்களின் கடையிலும் அது பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

● கணினியை வாடகைக்கு எடுப்பது நமக்குப் புதிதல்ல. ஐபிஎம் 1978-இல் இந்தியாவைவிட்டு வெளியேறும்வரை இங்கே அதன் முக்கியமான தொழிலே இயந்திரங்களை வாடகைக்கு விடுவதுதான். கணினித் திறனும் ஒருநாள் மின்சாரம் போலப் பொதுச் சேவையாக விற்கப்படலாம் என்று கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி 1961-லேயே பேசியிருக்கிறார். அமேசான் 2006 மார்ச்சில் தன் சேமிப்புச் சேவையைத் திறந்தபோது வைத்த விலை, ஒரு ஜிபிக்கு மாதம் 15 அமெரிக்க சென்ட். அதுவரை அமேசானைப் புத்தகக்கடையாக மட்டுமே அறிந்திருந்தவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

● கிளவுடில் மூன்று வகை உண்டு என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். மலைக்காரர்களுக்குச் சொல்வதானால் இப்படி: வெறும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழவும் நடவும் நாமே பார்ப்பது முதல் வகை. உழுது தண்ணீர் பாய்ச்சிய நிலத்தைப் பெற்று நடவு மட்டும் நாம் செய்வது இரண்டாவது. காய்ந்து தூற்றிய மிளகை மூட்டையாக வாங்குவது மூன்றாவது. சிறு வியாபாரிக்கு மூன்றாவதுதான் வேண்டும்: பயன்படுத்தத் தயாரான பில்லிங், கணக்கு, மெயில். முதல் இரண்டையும் உங்களிடம் விற்க வருபவரை ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

● ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா. மலை முழுக்கக் கூட்டம். தங்கும் விடுதி ஒன்று சொந்தமாக முன்பதிவு இணையதளம் வைத்திருந்தால், அந்த வாரத்துக்கு மட்டும் அதற்குப் பெரிய சர்வர் வேண்டும். மற்ற மாதங்களில் சின்னதே போதும். சொந்தச் சர்வர் வாங்குபவர் ஆடிக் கூட்டத்துக்கு ஏற்ற அளவில் வாங்கி ஆண்டு முழுதும் சும்மா ஓடவிட வேண்டும். கிளவுடில் அந்தச் சில நாட்களுக்குப் பெருக்கிக்கொண்டு பிறகு சுருக்கிக்கொள்ளலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-இல் வெளியிட்ட வரையறையில் கிளவுடுக்குச் சொன்ன ஐந்து இலக்கணங்களில் இது ஒன்று. பயன்பாட்டை அளந்து கணக்கிடுவது இன்னொன்று.

ஒரு சின்ன எச்சரிக்கை. பெருக்குவதைத் தானாக நடக்கும்படி அமைத்துவிட்டு, சுருக்குவதற்கு ஆளை நம்பியிருக்கும் இடங்கள் ஏராளம். வாடகைக் கணினியை நிறுத்தி வைத்தாலும் அதோடு ஒட்டிய டிஸ்க்குக்குப் பில் வந்துகொண்டே இருக்கும். ஆடி முடிந்து ஐப்பசி மழையிலும் ஓரி விழாவுக்கு வாடகை கட்டும் விடுதி இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

● தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் சோஹோ, 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். கணக்கு, மெயில், பில்லிங் எல்லாவற்றையும் கிளவுடில் விற்கிறது. அந்த மென்பொருள் ஓடுவது அமேசான், மைக்ரோசாஃப்ட் வாடகைக் கணினிகளில் அல்ல, சோஹோவின் சொந்த டேட்டா சென்டர்களில். 2010-இல் சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தை ஏறிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் இதே கிளவுட் மென்பொருள் வியாபாரம்தான். கிளவுடை நாம் வாடகைக்கு எடுக்க மட்டும்தான் செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக்காரர்கள் உலகத்துக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

● 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு டெராபைட்டைக் கிளவுடில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடிகூடத் தடைபடாமல் ஓடினாலும் 222 மணி நேரம், அதாவது ஒன்பது நாளுக்கு மேல். அதே ஒரு டெராபைட்டை ஹார்டு டிஸ்க்கில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் அன்றைக்கே நாமக்கல்.

சிரிக்காதீர்கள், அமேசான் இதையே தொழிலாகச் செய்தது. 2016-இல் ‘ஸ்னோமொபைல்’ என்று 45 அடிக் கன்டெய்னர் லாரி ஒன்றை அறிமுகப்படுத்தியது. வாடிக்கையாளர் வாசலுக்கே வந்து, 100 பெட்டாபைட் வரை தரவை ஏற்றிக்கொண்டு டேட்டா சென்டருக்கு ஓட்டிப்போகும். 2024-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். லாரி கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பேர்போன நாமக்கல்லில் யாரும் இந்த வாய்ப்பைக் கவனிக்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்.

● 99.9 சதவீதம் இயங்கும் என்று கிளவுட் நிறுவனம் எழுதிக் கொடுக்கிறது. கேட்க நிறைவாக இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் நின்றாலும் அது வாக்குத் தவறியதாகாது. 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். ஆனால் மலையில் இந்த எண்களால் பெரிய பயன் இல்லை. அவர்கள் உத்தரவாதம் தருவது தங்கள் கட்டடத்துக்கு மட்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுவதும், கரண்ட் போய் டவர் பேட்டரி தீர்வதும் அந்த ஒப்பந்தத்தில் வராது.

அதனால் மலையில் கடை வைத்திருப்பவர் மென்பொருள் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள். போட முடிந்தால் மேலே பேசலாம். முடியாவிட்டால் அது நாமக்கல் டவுனுக்கு ஏற்ற செயலி.

சோதனையின் இரண்டாம் பாதியைப் பலர் செய்வதில்லை. கையிருப்பு 10 மூட்டை. சிக்னல் இல்லாத நேரத்தில் அண்ணன் தன் போனில் 7 மூட்டை விற்கிறார், தம்பி தன் போனில் 6 மூட்டை விற்கிறார். இரண்டு போனும் தனித்தனியே சம்மதிக்கும். சிக்னல் வந்ததும் செயலி என்ன சொல்கிறது? மைனஸ் 3 என்று காட்டி எச்சரித்தால் நல்ல செயலி. கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சம் 4 என்று அமைதியாகச் சொல்லும் செயலிகளும் உண்டு. இதை விலைப்பட்டியலில் எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டு போன்களை வைத்துக்கொண்டு நீங்களேதான் பார்க்க வேண்டும்.

● தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை இங்கே நடத்துவது டான்ஃபினெட் என்ற மாநில அரசு நிறுவனம். ஊராட்சிக் கட்டடம்வரை இழை வந்துவிட்டாலே கடைக்குள் நெட் வந்துவிட்டதாக ஆகாது. கடைசி அரை கிலோமீட்டர் தனிக்கதை.

● இலங்கை அரசின் கிளவுடுக்கு நேர்ந்ததை வியாபாரிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் இறுதியில் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசு முகவரியில் மெயில் வைத்திருந்த சுமார் 5,000 கணக்குகள் அடிபட்டன. கணினிகளை மீண்டும் இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த, போன மெயில்கள் போனதுதான். அந்த மூன்று மாதத்துக்கும் மேலான காலத்துக்கு மீட்டெடுக்க பேக்கப் இல்லை. மெயில் மென்பொருளும் காலாவதியான பழைய பதிப்பு.

ஓர் அரசாங்கமே ‘கிளவுடில்தானே இருக்கிறது’ என்று இருந்திருக்கிறது. கிளவுடில் இருப்பது வேறு, பேக்கப் இருப்பது வேறு. நீங்கள் தவறுதலாக அழித்ததைக் கிளவுடும் விசுவாசமாக எல்லா இடத்திலும் அழித்துவிடும்.

● பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று எரிந்து சாம்பலானது. அசலையும் நகலையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. தொழில்காரர்கள் சொல்லும் கணக்கு 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். மலைக்கடைக்கு இது கஷ்டமே இல்லை. கிளவுடில் ஒன்று, கடைக் கணினியில் ஒன்று, வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று.

● உழவர் உற்பத்தியாளர் குழு, கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது என்றால் அதுவும் ஒரு கம்பெனிதான். கணக்குப் புத்தகத்தைக் கணினியில் வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினந்தோறும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி பதிவு செய்யும் மென்பொருளும் கட்டாயம். சாமையும் தினையும் விற்கும் சிறு உற்பத்தியாளர் கம்பெனிக்கும் இவை பொருந்தும். தனி ஆள் நடத்தும் மிளகு மண்டிக்கு இந்த விதி இல்லை.

● தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்பினால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இ-வே பில் வேண்டும். மாநிலம் தாண்டினால் 50,000. அந்தப் பில்லை நீங்கள் போடுவது அரசின் சர்வரில். 70 வளைவுகளும் இறங்கி அடிவாரத்தில் நின்று, சிக்னல் பிடித்து பில் போடும் டிரைவருக்குக் கிளவுட் என்றால் என்ன என்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

● கிளவுட் நிறுவனம் காவல் காப்பது கட்டடத்தை, கணினியை. பாஸ்வேர்டைக் காப்பது உங்கள் வேலை. கல்லாவுக்கு மேலே காலண்டரில் பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தால், மும்பையில் எத்தனை காவலர்கள் நின்றும் பயனில்லை. வேலையைவிட்டுப் போன பையனின் லாகினை அன்று மாலையே நிறுத்துவது, ஓடிபி இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாதபடி செய்வது, இரண்டுக்கும் தனிச் செலவு எதுவும் கிடையாது. தாக்குதல் நடந்தால் நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது.

● எல்லோரும் கிளவுடுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது திரும்பி வந்தவர்களும் உண்டு. கோப்புச் சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸ் தன் தரவில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து சொந்த டேட்டா சென்டர்களுக்கு மாற்றி, இரண்டே ஆண்டில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சம் பிடித்தது. 2022-இல் மட்டும் 32 லட்சம் டாலர் கிளவுட் பில் கட்டிய 37சிக்னல்ஸ் மென்பொருள் நிறுவனமும் சொந்தக் கணினிக்குத் திரும்பியது. ஆண்டு முழுதும் ஒரே அளவு வேலை, அதுவும் மிகப் பெரிய அளவு வேலை இருப்பவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகாது. திண்ணனூர் நாட்டு மிளகுக்கடைக்கு இந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

● ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டு. மென்பொருள் சந்தாவோ ஓராண்டுக்கு. புதுப்பிக்காமல் விட்டால் உங்கள் பழைய கணக்கை எத்தனை நாள் வைத்திருந்து அழிப்பார்கள் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில் இருக்கும். பணம் கட்டும் முன்பே அதைக் கேளுங்கள். கையோடு, மொத்தக் கணக்கையும் எக்செல் கோப்பாக இறக்கித் தரும் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். விற்க வந்தவர் அதைத் தேடினால், நீங்களும் வேறு கடை தேடலாம்.