ஒற்றியோ, அறுதியோ?

‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் முதனிலை திரிந்து நின்ற தொழிற்பெயர் என்பதை ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றேன். பற்றினை விடுதலால் முத்திக்கு அப்பெயர் பொருந்திற்று. ஆயின், மனையாகிய வீட்டை விடுவாரைக் காண்டல் அரிது. கைப்பொருள் சிறிது சேர்ந்த அளவில் ஒன்றிருக்க மற்றொன்று தேடுவாரே உலகிற் பலர்.

அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் இதுபற்றி ஒரு வாதம் எழுந்தது. இளைப்பாறும் நிலையிலுள்ள அன்பர் ஒருவர், தமக்கு மொத்தமாகக் கிடைக்கவிருக்கும் பணத்தால் யாழ்ப்பாண நகரில் வீடொன்று வாங்கி வாடகைக்கு விடுதல் தக்கதோ, வங்கியில் இடுதல் தக்கதோ, ஒற்றிக்குக் கொடுத்தல் தக்கதோ என வினவினார். இடைவேளை முடிந்து மணி அடித்த பின்னரும் அவ்வாதம் ஓயவில்லை.

கணித ஆசிரியர் முதலில் எழுந்தார். “ஒரு கோடி ரூபாவுக்கு ஒரு வீடு வாங்கி, மாதம் நாற்பதினாயிரம் வாடகை பெறுகின்றீர் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,80,000 ரூபா. வீடு வெறுமையாய்க் கிடக்கும் மாதம் ஒன்று, ஓடு மாற்றவும் சுண்ணம் பூசவும் வரி இறுக்கவும் மற்றொரு மாத வாடகை என இரண்டினைக் கழித்தால் எஞ்சுவது நான்கு இலட்சம். நூற்றுக்கு நான்கே! இதற்கோ இத்துணைப் பாடு?” என்றார்.

சரித்திர ஆசிரியர் அதனை மறுத்தார். 2022 செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி விலையேற்றம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று என்பதை எடுத்துக்காட்டி, “வங்கியிலிருந்த பணம் எண்ணிக்கையிற் குறையாது மதிப்பிற் குறைந்தது. மண்ணோ மண்ணாகவே இருந்தது” என்றார். அவர் கூற்று மெய்யே. ஆயினும் அதே காலத்தில், ஏறி இறங்கும் வட்டிக்குக் கடன்பட்டு வீடு வாங்கினோர் தவணை கட்டமாட்டாது இடர்ப்பட்டதும் மெய்யே. தம் பொருளால் வாங்குவார்க்கும் கடனால் வாங்குவார்க்கும் ஒரே விடை கூறல் பொருந்தாது.

இனி ஒற்றியை நோக்குவோம். பணங் கொடுத்தவர் வட்டி பெறார். வீட்டையோ காணியையோ கையேற்று அதன் பயனை நுகர்வார். முதல் திரும்பியவழி ஆதனமும் உடையவர்க்குத் திரும்பும். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்சு என்பார் தொகுத்த தேசவழமையிலேயே இவ்வொற்றி இடம்பெற்றுள்ளது. உடையவர்க்கு முதுசம் அழியாது. கொடுத்தவர்க்குக் குடியிருக்க இடம் உண்டு. எனினும், இருபது ஆண்டு கழித்து மீட்கும்போது கொடுக்கப்படுவது பழைய தொகையே. அப்பணத்தால் அதே வீட்டின் ஓர் அறையைத்தானும் வாங்கல் இயலாது. எனவே, குறுகிய காலத்துக்கு ஒற்றி நன்று. நெடுங்காலத்துக்கு அறுதியே நன்று என்பர் உலகியல் அறிந்தோர்.

அறுதியாக வாங்குவார்க்கோ உறுதியே உயிர். எங்கள் ஊர் உறுதிகளில் காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை என்பனவற்றோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் எழுதப்படும். எட்டிலொரு பங்கு கிணறு என்பது பிற ஊரார்க்கு நகைப்பாகலாம். வாங்கி வாழப் புகுந்தார்க்கு அஃது அன்றாடத் தண்ணீர். அன்றியும், 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்னுரிமைக் கொள்வனவுக் கட்டளைச் சட்டப்படி, ஆதனத்தை விற்க எண்ணுபவர் தம் கூட்டுரிமையாளர்க்கும், தமக்கு வழியுரிமை உடையார்க்கும் முன்னர் அறிவித்தல் வேண்டும். அவர் வேண்டாதவிடத்தே பிறர் வாங்கலாம்.

இதனை நூலிற் படித்தறிந்தேன் அல்லேன்; பட்டறிந்தேன். 2013இல், என் மகளுக்கென நானும் மனைவியும் சேர்த்த பொருளால், பழைய நாற்சார் வீடொன்றின் அரைப் பங்கை வாங்கினேன். மற்றை அரைப் பங்கு விற்றவரின் தமக்கைக்குரியது. அவர் 1995 இடப்பெயர்வில் வன்னி சென்றவர். “அவ இனி வரமாட்டா” என்று தம்பி கூறிய சொல்லை நம்பினேன். நான்கு மாதத்தில் அவ்வம்மையார் என் வாயிலில் வந்து நின்றார். “பண்டிதர் ஐயா, உங்களோட வழக்காட நான் வரேல்லை. அது அம்மா செத்த வீடு. நீங்கள் குடுத்த காசைத் தாறன், அறையை எனக்குத் தாங்கோ” என்றார். கையில் ஒரு துணிப்பை. அதனுள் நகை விற்ற பணம்.

வழக்காடினால் அவர் வெல்வார் என நொத்தாரிசு கூறினார். அவர் அங்ஙனம் கூறாதிருந்தால் யான் என் செய்திருப்பேன் என்பதை இன்றும் என் நெஞ்சை வினவுகின்றேன், விடை பெற்றிலேன். கொடுத்த விலைக்கே அவர் பெயரில் உறுதி முடித்தேன். அதன்பின் நகரில் விலை ஏறிற்று. அப்பணம் எதற்கும் போதவில்லை. மகள் வாடகை வீட்டிலேயே வாழ்கின்றாள். “ஏமாந்தீர்” என்று கணித ஆசிரியர் இன்றும் கூறுவார். அவர் கணக்கிற் பிழையில்லை.

இதனால் இளைப்பாறும் அன்பர்க்கு யான் கூறியது இதுவே: விலையை வினவுமுன் உறுதியைப் பாரும், உறுதியைப் பார்க்குமுன் வீட்டுக்குரிய மக்கள் எத்துணைவர், எவ்வெவ்வூரில் உளர் என்று கேளும். கடல் கடந்தாரும் காணாமற் போனாரும் பலராகிய எம் நாட்டில் இக்கேள்வி பெரிது. வீட்டில் வேறொருவர் குடியிருப்பின், எவ்வுரிமையால் இருக்கின்றார், எத்துணை ஆண்டாக இருக்கின்றார் என்பதையும் அவர் வாயிலாகவே அறிக. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், தடையின்றி எதிருரிமையோடு பத்தாண்டு ஆண்டார்க்கு உரிமை நல்குவது. இவையெல்லாந் தெளிந்த பின்னர்க் கணித ஆசிரியரிடஞ் சென்று கணக்குப் பார்க்கலாம்.

அண்மையில் அவ்வழியே சென்றேன். நாற்சார் முற்றத்தில் நெல் காய்ந்தது. அம்மையார் என்னைக் கண்டு உள்ளழைத்துத் தேநீர் தந்தார். விட்ட வீட்டில் விருந்தினனாய் அமர்ந்திருந்தபோது, யான் வகுப்பிற் சொல்லும் இலக்கணம் நினைவுக்கு வந்தது.