விக்கிப்பீடியாவின் புதுத் தோற்றத்தைச் செப்பனிடுகிறவர்கள்

கணினியில் விக்கிப்பீடியாவைத் திறந்தால் கட்டுரை நடுவில் ஒடுங்கி நிற்கிறது. இடப்பக்கம் பொருளடக்கம் நீங்கள் கீழே போகப்போகக் கூடவே வருகிறது. வலப்பக்கம் எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்ற ஒரு சிறு பலகை இருக்கிறது. இந்தத் தோற்றத்துக்கு 'வெக்டர் 2022' என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு இது 2023 ஜனவரி 18 அன்று வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இப்போது இதே தோற்றம்தான்.

ஆனால் அன்று வெளியானதும் இன்று நீங்கள் பார்ப்பதும் ஒன்றல்ல. வெளியான பிறகு இதில் எத்தனையோ திருத்தங்கள் நடந்திருக்கின்றன. இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களுக்கும் பங்கு உண்டு. அந்த வேலை என்ன, அதனால் உங்கள் வாசிப்பில் என்ன மாறுகிறது, உங்களுக்கு ஏதாவது இடைஞ்சலாக இருந்தால் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இதை வடிவமைத்தவர்களே தன்னார்வலர்களா?

இல்லை. வடிவமைத்தது விக்கிமீடியா அறக்கட்டளையின் ஊழியர்கள். விக்கிப்பீடியாவின் வழங்கிகளை (பக்கங்களைச் சேமித்து அனுப்பும் கணினிகளை) நடத்தும் அமெரிக்க நிறுவனம் அது. இதற்கு முந்தைய வெக்டர் தோற்றம் 2010 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் இடம்பிடித்தது. கிட்டத்தட்ட பதின்மூன்று ஆண்டுகள் அதுவே நின்றது. புதியதை ஒரே நாளில் எல்லோர் மீதும் இறக்கவில்லை. 2020 முதல் பிரெஞ்சு உள்ளிட்ட சில மொழிகளில் பகுதி பகுதியாகச் சோதித்து, மற்ற மொழிகளுக்கு விரித்து, ஆங்கிலத்துக்குக் கடைசிக் கட்டத்தில்தான் கொண்டுவந்தார்கள்.

அப்படியென்றால் தன்னார்வலர்கள் எங்கே வருகிறார்கள்? விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி ஒரு திறமூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம்). அதனால் குறையைச் சுட்டுவது, நிரலில் திருத்தம் எழுதுவது, பொத்தான்களின் பெயர்களை மொழிபெயர்ப்பது, ஒவ்வொரு மொழியிலும் உடைந்துபோன அட்டவணைகளைச் சரிசெய்வது என எல்லாவற்றுக்கும் வெளியாட்களுக்கு இடம் இருக்கிறது.

கட்டுரையை ஏன் இவ்வளவு ஒடுக்கினார்கள்?

வரி மிக நீளமாக இருந்தால், ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பும்போது தடம் தவறும். செய்தித்தாள் அகலமான தாளில் அச்சாகியும் பத்தி பத்தியாகப் பிரிந்து நிற்பது போலத்தான் இதுவும். அகலத் திரை வாங்கியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 'என் திரையில் பாதியை வீணாக்குகிறீர்கள்' என்பதே வெளியீட்டுக்குப் பிறகு எழுந்த பெரிய புகார்.

அந்தப் புகாரின் கதை தெரிந்துகொள்ளத்தக்கது. அகலத்தைக் கூட்டிக்கொள்ள ஒரு பொத்தான் முதலிலேயே இருந்தது. கணக்கு வைத்து உள்நுழையாமல் படிப்பவர்கள் அதை அழுத்தினால், அந்தப் பக்கத்தில் மட்டும் வேலை செய்யும். அடுத்த கட்டுரைக்குப் போனால் பழையபடி ஒடுங்கிவிடும். வாசகர்களில் பெரும்பாலோர் உள்நுழையாதவர்கள்தான் என்பதால் பொத்தான் இருந்தும் அவர்களுக்கு அது இல்லாதது மாதிரியே.

ஒரு பொத்தானை நினைவில் வைப்பதில் என்ன சிரமம்?

சிரமம் இருக்கிறது. உள்நுழையாத எல்லா வாசகருக்கும் விக்கிப்பீடியா ஒரே நகலைத்தான் அனுப்புகிறது. ஒருமுறை தயாரித்த பக்கத்தை வழங்கியில் சேமித்து வைத்து, கேட்கும் அத்தனை பேருக்கும் அதையே கொடுக்கும். இத்தனை பேர் படிக்கும் தளம் விரைவாகத் திறப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் நீங்கள் யார், முன்பு எதை அழுத்தினீர்கள் என்பது அந்த நகலுக்குத் தெரியாது.

தீர்வு உங்கள் பக்கத்தில்தான் இருந்தது. உங்கள் தேர்வு இப்போது ஒரு குக்கியாக (தளத்துக்காக உங்கள் உலாவி உங்கள் கருவியிலேயே வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பு) பதிவாகிறது. பக்கம் வந்தவுடன், திரையில் எதுவும் தெரிவதற்கு முன்பே, தலைப்பகுதியில் இருக்கும் ஒரு சின்ன நிரல் அந்தக் குறிப்பைப் படித்து அகலத்தை மாற்றிவிடுகிறது. அந்த வரிசை முக்கியம். ஒடுங்கிய பக்கம் முதலில் தெரிந்து பிறகு விரிந்தால், ஒவ்வொரு முறையும் திரை துள்ளும்.

வெளியான சில நாட்களிலேயே, பழைய தோற்றத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஆங்கில விக்கிப்பீடியர்கள் பெரிய விவாதம் ஒன்றைத் தொடங்கினார்கள். முடிவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. புதிய தோற்றம் நின்றது. அதனால் எதிர்த்தவர்கள் தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அகலத்தை நினைவில் வைப்பது வெறும் வசதியல்ல, அவசியம் என்பதை அந்த வாதங்கள்தான் தெளிவாக்கின. இன்று நீங்கள் ஒருமுறை அழுத்தினால் போதும் என்றிருப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு மனக்குறை மொழிப் பட்டியல் பற்றியது. முன்பு இடப்பக்க ஓரத்தில் எல்லா மொழிகளும் வரிசையாகத் தெரியும். இப்போது அவை தலைப்புக்கு வலப்பக்கம் ஒரு பொத்தானுக்குள் இருக்கின்றன. ஆங்கிலக் கட்டுரையிலிருந்து தமிழ்க் கட்டுரைக்குத் தாவும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்தப் பொத்தானை அழுத்துங்கள். உலாவியின் மொழி, நீங்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்துச் சில மொழிகளை மேலே காட்டும். தமிழ் அங்கே தெரியாவிட்டால் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யலாம்.

எனக்குப் பிடித்தபடி எப்படி மாற்றிக்கொள்வது?

மேல் வரிசையில் மூக்குக்கண்ணாடி வடிவச் சின்னம் இருக்கும். சில திரைகளில் அதன் பலகை வலப்பக்கம் ஏற்கெனவே திறந்தே இருக்கும். அதில் எழுத்தின் அளவு (சிறியது, வழக்கமானது, பெரியது), அகலம் (வழக்கமானது, அகலமானது), நிறம் (வெளிர், இருள், தானியங்கி) என்று மூன்று தேர்வுகள். தானியங்கி என்று வைத்தால் உங்கள் கருவி இருள் நிலைக்கு மாறும்போது விக்கிப்பீடியாவும் மாறும். கைப்பேசியில் இடப்பக்கப் பட்டியைத் திறந்து அமைப்புகளுக்குள் போனால் எழுத்தளவும் நிறமும் கிடைக்கும்.

'ஆங்கிலத்தில் மாற்றினேன், தமிழில் மாறவில்லையே' என்று தோன்றலாம். ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனித் தளம். நீங்கள் உள்நுழையாமல் படித்தால், தேர்வு அந்தத் தளத்துக்கும் அந்த உலாவிக்கும் மட்டுமே. தமிழில் ஒருமுறை தனியாக வைத்துவிடுங்கள். உலாவியின் குக்கிகளை அழித்தால் மறுபடி வைக்க வேண்டிவரும்.

எப்போதும் பழைய தோற்றமே வேண்டும் என்றால் கணக்கு ஒன்று தொடங்கி உள்நுழைய வேண்டும். விருப்பத்தேர்வுகளில் தோற்றம் என்ற பகுதியில் 2010ஆம் ஆண்டு வெக்டர் இன்னும் இருக்கிறது. அதற்கும் முந்தைய மோனோபுக் கூட இருக்கிறது. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை, மின்னஞ்சல் முகவரி கொடுப்பதும் கட்டாயமில்லை. ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க மின்னஞ்சல் உதவும்.

இருள் நிலையில் சில பெட்டிகள் படிக்கவே முடியவில்லையே?

தன்னார்வலர்களின் உழைப்பை அதிகம் வாங்கியது இதுதான். தமிழுக்கு மிகவும் தேவைப்படும் வேலையும் இதுதான்.

இருள் நிலை 2024இல் பரவலாக வந்தது. அதில் பின்னணி கறுப்பாகவும் எழுத்து வெளிர் நிறமாகவும் மாறும். கட்டுரையின் சாதாரணப் பத்திகளுக்கு இதில் சிக்கல் இல்லை. சிக்கல் வார்ப்புருக்களில் (பல கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பயன்படும்படி ஒரே இடத்தில் எழுதி வைத்த அச்சு; வலப்பக்கத் தகவற்பெட்டி, தேர்தல் முடிவு அட்டவணை போன்றவை). பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அந்தப் பெட்டிக்கு இளமஞ்சள் பின்னணி கொடுத்திருப்பார். எழுத்தின் நிறத்தைச் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் எழுத்து எப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது. இப்போது இருள் நிலையில் எழுத்து வெளிறிவிடும், பின்னணி இளமஞ்சளாகவே நிற்கும். மஞ்சள் மீது வெள்ளை எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும்?

திருத்தம் சிறியது. பின்னணி நிறம் கொடுத்த இடத்தில் எழுத்தின் நிறத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அல்லது இரு நிலைக்கும் தானாக மாறும் நிறக்குறிகளைப் பயன்படுத்த வேண்டும். இப்படிப்பட்ட பக்கங்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் வசதியும் மீடியாவிக்கியில் சேர்க்கப்பட்டது.

திருத்தம் சிறியது என்றாலும் வேலை பெரியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு வார்ப்புருவைத் திருத்தினால், அதைப் பார்த்து உருவாக்கிய தமிழ் வார்ப்புரு திருந்தாது. அது தனி நகல். ஆங்கிலத்தில் இதற்கென்றே உட்காரும் ஆட்கள் நிறைய. தமிழில் கட்டுரை எழுதும் அதே சிலர்தான் வார்ப்புருவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரே தகவல் ஆங்கிலத்தில் தெளிவாகவும் தமிழில் மங்கலாகவும் தெரியக்கூடும். கண் கூசுபவர்களும் இரவில் படிக்கும் மாணவர்களும் இருள் நிலையை நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மங்கலான பெட்டி ஒரு பக்கத்தையே பயனற்றதாக்கிவிடுகிறது.

மொழிபெயர்ப்பிலும் இதே நிலைதான். பொத்தான்களிலும் பட்டிகளிலும் நீங்கள் காணும் தமிழ்ச் சொற்களைத் தன்னார்வலர்கள் டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில் எழுதுகிறார்கள். வடிவம் மாறும்போதெல்லாம் புதிய சொற்றொடர்கள் வந்துகொண்டே இருக்கும். மொழிபெயர்க்கப்படாதவை ஆங்கிலத்திலேயே தெரியும். தமிழ்ச் சொல் நீளமாகி, ஒரு வரியில் அடங்க வேண்டிய பொத்தான் இரண்டு வரியாக மடிவதும் உண்டு.

குறை ஒன்றைக் கண்டேன். யாரிடம் சொல்வது?

முதலில் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதே கட்டுரையை ஆங்கிலத்திலும் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே குறை என்றால் பெரும்பாலும் மென்பொருளில்தான் கோளாறு. தமிழில் மட்டும் என்றால், தமிழ் வார்ப்புருவிலோ உள்ளூர் நிற அமைப்பிலோ இருக்கும். உள்நுழைந்தபோது மட்டும் தெரிகிறது, வெளியேறினால் மறைகிறது என்றால், நீங்களே உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்ட கூடுதல் கருவி ஏதாவது காரணமாக இருக்கலாம். பழைய தோற்றத்தை நம்பி எழுதிய அப்படிப்பட்ட சிறு கருவிகள், பொத்தான்கள் இடம் மாறியதும் தடுமாறின.

மென்பொருள் குறைகளைப் பேப்ரிகேட்டர் என்ற தளத்தில் பதிவு செய்கிறார்கள். விக்கிப்பீடியாக் கணக்கைக் கொண்டே அதில் நுழையலாம். அங்கே ஆங்கிலம்தான் பெரும்பாலும் ஓடுகிறது. தமிழில் சொல்வதே எளிது என்றால் தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடியில் (பயனர்கள் பொதுவாகக் கூடிப் பேசும் பக்கம்) எழுதுங்கள்.

எப்படி எழுதினால் சீக்கிரம் சரியாகும்?

'புதுத் தோற்றம் நன்றாக இல்லை' என்று எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. எந்தக் கட்டுரை, எந்த உலாவி, கணினியா கைப்பேசியா, உள்நுழைந்திருந்தீர்களா, எதை அழுத்தினீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். திரைப்பிடிப்பு ஒன்றையும் (திரையில் தெரிவதை அப்படியே பிடித்த படம்) சேருங்கள். திருத்துகிறவர் முதலில் செய்வது உங்கள் குறையைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்ப்பதுதான். அதற்கு வழி காட்டினால் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

எல்லாக் கோரிக்கையும் ஏற்கப்படாது. எல்லோருக்கும் முதலில் எந்த அகலம் தெரிய வேண்டும் என்பது போன்ற பெரிய முடிவுகள் பெரும்பாலும் அறக்கட்டளையின் வடிவமைப்பாளர்கள் கையில்தான் இருக்கின்றன. அதில் தன்னார்வலர்களுக்கு இன்னும் கூடுதல் குரல் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஏதோ ஒரு பெட்டி உடைந்திருக்கிறது, ஒரு பொத்தான் திரைவாசிப்பானில் (பார்வையற்றவர்களுக்கு எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பெயரில்லாமல் ஒலிக்கிறது என்ற வகைக் குறைகளுக்கு எதிர்ப்பே இருக்காது. திருத்த ஆள் கிடைத்தால் போதும்.

திருத்திய பிறகு எப்போது தெரியும்?

மென்பொருள் திருத்தம் என்றால், வேறொருவர் அதைச் சரிபார்த்து ஏற்க வேண்டும். ஏற்ற பிறகு வாரந்தோறும் வெளியாகும் புதிய பதிப்போடு வரும். வழக்கமாகச் செவ்வாயன்று சோதனைத் தளங்களிலும், வியாழக்கிழமை விக்கிப்பீடியாக்களிலும் அது ஏறும். உள்நுழையாதவர்களுக்குச் சேமித்த நகலே சில நாட்கள் தெரியலாம், அதனால் உடனே காணோம் என்று கவலைப்பட வேண்டாம்.

வார்ப்புருத் திருத்தத்துக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பூட்டப்படாத வார்ப்புரு என்றால் நீங்களே தொகு என்பதை அழுத்தி மாற்றலாம். சேமிக்கும் முன் முன்தோற்றத்தை வெளிர், இருள் இரண்டு நிலையிலும் பாருங்கள். பூட்டிய வார்ப்புரு என்றால் அதன் பேச்சுப் பக்கத்தில், எந்த வரியில் எந்த நிறத்தைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிவையுங்கள். அனுமதி உள்ள ஒருவர் அதை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்.