அச்சு இற்ற தேரும் அடியார் வீரமும்

திரிபுரம் எரிக்கத் திருவுளங்கொண்ட சிவபெருமானுக்கு வானவர் தேர் ஒன்று சமைத்தனர். நிலம் தேர்த்தட்டாயிற்று, ஞாயிறும் திங்களும் உருளைகளாயின, நான்முகன் பாகனாயினான். இத்துணைச் சிறப்புடைய தேர், விநாயக வழிபாடு நிகழாமையால், புறப்பட்ட வழியிலேயே அச்சு முறிந்து நின்றது. அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் என்றும், அதுவே அச்சரப்பாக்கம் என வழங்கலாயிற்று என்றும் கூறுவர். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற இத்தலத்தில் ஆட்சீசுவரரும் இளங்கிளியம்மையும் எழுந்தருளியுள்ளனர். அருணகிரிநாதரும் விநாயகர் துதியில் இவ்வரலாற்றை நினைவுகூர்கின்றார்.

வீரச் செயலுக்கு எழுந்த தேர், வணக்கம் இன்மையால் நின்றது. இதனை உள்ளத்திற் கொண்டு, காப்பியத் தலைவனுக்குரிய இலக்கணம் யாதென்பதைச் சிறிது சிந்திப்போம்.

சங்கப் புலவர் போற்றிய தலைவனுக்கு இரண்டு பண்புகள் இன்றியமையாதன. ஒன்று மறம்; மற்றொன்று கொடை. அதியமான் நெடுமான் அஞ்சி போரில் அஞ்சாதவன். அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தவன். பறம்பின் கோமான் பாரியோ, படரக் கொழுகொம்பின்றி நின்ற முல்லைக்குத் தன் தேரையே அளித்தவன். இவர்தம் புகழ் தனிப்பாடல்களில் நிலைபெற்றது.

பின்னர்த் தொடர்நிலைச் செய்யுட்கள் எழுந்தன. பெருங்காப்பியத் தலைவன் தனக்கு ஒப்பாரில்லாதவனாதல் வேண்டும் என்று தண்டியலங்காரம் விதிக்கின்றது. மணம், முடிசூடல், போர், வெற்றி முதலியன அவன்மேல் வைத்துப் பாடப்பெறும். சீவகசிந்தாமணியின் சீவகன் பகையை வென்று இழந்த அரசை மீட்கின்றான், எண்மரை மணக்கின்றான், இறுதியில் அனைத்தையும் துறக்கின்றான். சிலப்பதிகாரத்துக் கோவலனோ முடியும் படையும் இல்லா வணிகன், தவறி வருந்தியவன். இலக்கணம் ஒன்றாயினும், தலைவர் பல திறத்தினர் என்பது இதனாற் புலனாகும்.

இவ்வழியில் வந்த பெரியபுராணம் தலைவன் இலக்கணத்தையே உயர்த்தி அமைத்தது. அதனை அருளிய சேக்கிழார் பெருமான் தொண்டை நாட்டுக் குன்றத்தூரிற் பிறந்தவர். 12 ஆம் நூற்றாண்டில் சோழ அரசின் அமைச்சராய் விளங்கியவர். அரசரையும் போரையும் அருகிருந்து அறிந்த அவர், தம் காப்பியத்திற்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகளைத் தலைவராகக் கொண்டார். திருக்கயிலையில் தொடங்கும் நூல், சுந்தரர் திருக்கயிலை சேர்தலோடு நிறைவெய்துகின்றது.

அத்தலைவரின் தலையாய செயல் யாது? திருவாரூரில் அடியார் கூட்டத்தை வணங்காது ஒதுங்கிச் சென்றார் எனக் கருதி, விறன்மிண்டர் அவரைப் புறகு என்று விலக்கினார். இறைவனுக்குத் தோழராகிய சுந்தரர் அடியார்க்கெல்லாம் தம்மை அடியவராக்கித் திருத்தொண்டத்தொகை பாடினார். அப்பதிகமே பெரியபுராணத்திற்கு முதல்நூல். எனவே, காப்பியம் முழுதும் தலைவர் செய்த ஒரு வணக்கத்தினின்றும் விளைந்தது என்னலாம்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என மகிழின்கீழ்ச் சூளுரைத்த சுந்தரர், ஆரூர் வசந்தவிழாவை நினைந்து சூள் பிழைத்தார். ஊரெல்லை கடந்ததும் கண்ணொளி இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். தேரின் அச்சு இற்ற அதே தொண்டை நாட்டில்தான் காப்பியத் தலைவரின் பயணமும் தடைப்பட்டது. சேக்கிழார் இதனை மறைத்திலர். பிழை நேர்ந்தபோதும் இறைவனை விடாது பற்றிப் பாடிக்கொண்டே நடந்தமை தலைவர்க்கு இழுக்காகாது, சிறப்பேயாயிற்று.

போர் வீரரையும் சேக்கிழார் இவ்வுரைகல்லிலேயே உரைத்துக் காண்கின்றார். மாமல்லபுரத்திற்குப் பெயர் தந்த மாமல்லன் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றது 642 ஆம் ஆண்டினை ஒட்டியாகும். அப்போரிற் படைநடத்தியவர் பரஞ்சோதியார் என்பர். பெரியபுராணம் அவ்வெற்றியைச் சுருக்கமாகவே கூறும். அவர் சிறுத்தொண்டராகி அடியார்க்கு அமுதளித்த வரலாற்றையே விரித்துரைக்கும். ஏனாதிநாதர் வாள்வித்தை பயிற்றிய ஆசிரியர். பகைவன் நெற்றியில் திருநீறு கண்டதும் எதிர்த்துக் கொல்லாது நின்று, அவன் வாளுக்கு உடல் கொடுத்தார். மெய்ப்பொருளார் வேடம் பூண்டு வந்து குத்திய முத்தநாதனுக்கும் தீங்கு நேராவண்ணம் ஊர்ப்புறத்தே விடுமாறு தத்தனைப் பணித்தார். அம்பும் வாளும் அடையமுடியாத வீரம் இது.

பகைவனை வெல்வான் சங்கத் தலைவன். உலகை வென்று பின் துறப்பான் சீவகன். தன் முனைப்பையே வெல்வார் சேக்கிழாரின் அடியார். இவ்வடியாருள் குயவரும் வண்ணாரும் வேடரும் மீனவரும் உளர். ஒப்பற்ற தலைமை பிறப்பாலும் படையாலும் வருவதன்று, தொண்டினால் வருவது என நிறுவியமை இந்நூலின் பெருமையாகும்.

விழா நாளில் தேர்வடம் பற்றும் நாம் இதனை எண்ணுதல் தகும். எண்ணற்ற கைகள் ஒரு வடத்தைப் பற்றினாலன்றித் தேர் நகராது. அங்கே எவர் கை பெரிது என்பார் இலர். முதலில் விநாயகப் பெருமானை வணங்கி, அருகில் நிற்கும் அடியாரை மதித்து, பின் வடம் பிடிப்போமாக. முனைப்பு அகன்ற நெஞ்சமே முறியாத அச்சு. ஆட்சீசர் திருவருள் அதனை நமக்கு அருளுக.