கிடக்கிற தொட்டி, நிற்கிற தொட்டி

பூதப்பாண்டியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பழையாறு மணக்குடியில் கடலோடு சேர்கிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் இருபது கிலோமீட்டர் இருக்கும். ஆறு கடலுக்குப் போவது சுலபம், கடலை ஊருக்குள் கொண்டுவருவதுதான் பாடு. தாடகை மலையும் வயலுமாக இருக்கிற ஊரில், ஒரு வீட்டுக் கூடத்தில் கோமாளி மீன் நீந்த வேண்டுமென்றால், மீனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மீனைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, அதற்கு ஒரு தொட்டி தேடுகிறார்கள்.

கடையில் பேச்சு பெரும்பாலும் லிட்டரில்தான் தொடங்கும். இருநூறு லிட்டரா, நூறு லிட்டரா என்பார்கள். அந்தக் கணக்கு பாதி உண்மையைத்தான் சொல்லும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறே முக்கால் கன அடி, அதாவது ஏறக்குறைய 191 லிட்டர். அதே தொட்டியை நிமிர்த்தி நிறுத்தினால் ஒன்றரைக்கு ஒன்றரை அடித்தளமும் மூன்றடி உயரமும் கொண்ட கோபுரமாகிவிடும். லிட்டர் மாறவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

முதலில் நீர்ப்பரப்பு. கிடக்கிற தொட்டியில் நாலரை சதுர அடி, நிற்கிற தொட்டியில் இரண்டே கால். தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் மேற்பரப்பு வழியாகத்தான். காற்றுக் குமிழிகளும் பெரும்பாலும் தண்ணீரைக் கலக்கி மேலே கொண்டுவருவதால்தான் உதவுகின்றன. நன்னீர்த் தொட்டியில் இந்தக் குறையைச் சமாளித்துவிடலாம். உப்புநீரில் கஷ்டம், ஏனென்றால் உப்பு கரைந்த நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்துவைக்கும். நம்மூர்ச் சூடான 28 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கொள்ளும், கடல்நீர் சுமார் 6.4 மில்லிகிராம்தான். இரவில் கரண்ட் போய் பம்பு நின்றால் முதலில் மூச்சுத் திணறுவது நிற்கிற தொட்டியின் மீன்கள்தான்.

இரண்டாவது அழுத்தம். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததல்ல. ஒன்றரை அடி ஆழமுள்ள மூன்றடித் தொட்டியின் முன்கண்ணாடியைக் கடல்நீர் ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளுகிறது. உயரத்தை மட்டும் இரண்டடியாக்கினால் அதே நீளக் கண்ணாடி மீது அந்த விசை 170 கிலோவைத் தாண்டும். உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் விசை முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. அதனால்தான் உயரம் ஏற ஏறக் கண்ணாடி தடிக்கிறது, விலையும் கூடவே ஏறுகிறது. அரையடி உயரத்துக்குக் கொடுக்கிற காசை நீளத்துக்குக் கொடுத்தால் மீனுக்கு நீந்த இடமாவது கிடைக்கும். பாறைகளுக்கு நடுவே வாழும் மீன்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் ஓடித் திரிகின்றன.

பெரிய தொட்டியே பாதுகாப்பு என்று அனுபவசாலிகள் சொல்வது சரிதான், ஆனால் எந்த விஷயத்தில் என்று பார்க்க வேண்டும். கழிவு விஷயத்தில் அது முழு உண்மை. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா வருகிறது. அதன் நச்சு வடிவம் எவ்வளவு என்பதை பி.எச். மதிப்பு தீர்மானிக்கிறது. கடல்நீரின் பி.எச். 8.1, 8.2 அளவில் இருக்கும். நடுநிலையான நன்னீரோடு ஒப்பிட்டால் இங்கே நச்சு அம்மோனியாவின் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பாறை இடுக்கில் ஒரு மீன் செத்து அழுகினால் அந்த நஞ்சு 57 லிட்டர் உள்ள இரண்டடித் தொட்டியில் பரவுவதற்கும் 191 லிட்டரில் பரவுவதற்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். வெப்பத்திலும் அப்படியே. பெரிய நீர்த்திரள் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும்.

ஆவியாதலில் மட்டும் அந்தப் பேச்சு எடுபடாது. தண்ணீர் வற்றும்போது உப்பு உள்ளேயே தங்கி, நீர் நாளுக்கு நாள் கரிக்கிறது. வற்றுவது மேற்பரப்பில் என்பதால் நீளத்தையும் அகலத்தையும் எவ்வளவு கூட்டினாலும் வற்றும் விகிதம் குறையாது. அதைத் தீர்மானிப்பது ஆழம் ஒன்றுதான். நாளைக்கு 4 மில்லிமீட்டர் வற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கவனிக்காமல் விட்டால் ஓரடி ஆழத் தொட்டியில் உப்பளவு ஆயிரத்துக்கு 35-லிருந்து 40-ஐத் தாண்டிவிடும், ஒன்றரை அடித் தொட்டியில் 38 சொச்சத்தில் நிற்கும். ஆக ரொம்பத் தட்டையாகவும் போய்விடக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகிற தோவாளை வட்டாரத்தில், சன்னலோரம் தொட்டி வைத்தால் இந்தக் கணக்கு இன்னும் வேகமாக ஓடும். மூடியும் தினசரி மேலூற்றலும் கட்டாயம். மேலூற்றுவது உப்பில்லாத நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், கடல்நீரை ஊற்றினால் கரிப்பு ஏறிக்கொண்டே போகும்.

மேல்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டுத் தொட்டி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆழம் குறைந்த தொட்டியைப் பரிந்துரைப்பதற்குப் பெரிய காரணம் உயிர்ப்பவளம். ஒளி அடிவரை எட்ட வேண்டும். இந்தியாவில் பவளம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. மன்னார் வளைகுடாவிலிருந்தோ நம் கரையிலிருந்தோ இவற்றை எடுப்பது குற்றம். ஆகவே நம் வீட்டுத் தொட்டி மீனுக்கான தொட்டிதான், ஒளிக்காக ஆழத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆழத்துக்கு இங்கே வரம்பு கட்டுவது உங்கள் கைதான். இரண்டடிக்கு மேல் போனால் அடிமணலைத் தொடத் தோள்வரை நனைய வேண்டும். கை எட்டாத மூலையில் அழுக்கு சேரும்.

வட்டமான கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. வாய் குறுகி நீர்ப்பரப்பைத் தின்றுவிடுகிறது, வளைந்த கண்ணாடி மீனின் உருவத்தைக் கோணலாக்குகிறது. ஆனால் வட்டமே தவறு என்று சொல்ல முடியாது. மீன் குஞ்சு பொரிப்பகங்களில் வட்டத் தொட்டிகளை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள், நீர் சுழலும்போது மூலையில் தேக்கம் வராது, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குஞ்சுகள் ஒரே இடத்தில் குவியாது. சொறிமீன்களைக் காட்சிக்கு வைப்பதும் உருண்ட தொட்டிகளில்தான், மூலைகளில் மாட்டிக்கொண்டால் அவற்றின் மென்மையான உடல் கிழிந்துவிடும்.

1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், நமக்கு அருகே விழிஞ்ஞத்திலும் ஓர் ஆய்வு மையத்தை நடத்துகிறது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் நுட்பம் அங்கே கைவந்திருக்கிறது. ஓட்டிலோ பாறையிலோ பெண் முட்டையிட, ஆண் காவலிருந்து விசிறிவிடும். ஒரு வாரத்தை ஒட்டி, இருட்டிய பிறகு குஞ்சு வெளிவரும். தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது, கடலிலிருந்து பிடித்ததைவிட உத்தமம்.

2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தைப் பார்த்த பிள்ளைகள் நீமோவும் வேண்டும், டோரியும் வேண்டும் என்பார்கள். நீமோ, அதாவது கோமாளி மீன், பத்து சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும், தன் மூலையை விட்டு அதிகம் நகராது. டோரி என்கிற நீல சர்ஜன் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும், ஓயாமல் ஓடும். அதற்கு ஆறடித் தொட்டிகூடச் சுமார்தான். அதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தெடுப்பது 2016-இல்தான் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கைகூடியது. சின்னக் குட்டியாக வாங்கி மூன்றடித் தொட்டியில் விடுவது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை. தொட்டியின் அளவுக்கு ஏற்ப மீன் தன் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாகத் தண்ணீர், அளவைத் தீர்மானிப்பதில் யாரும் கணக்கில் சேர்க்காத விஷயம். பழையாற்றின் முகத்துவாரத்தில் எடுக்கும் நீர் பாதி ஆறு, பாதி கடல், மழைக்காலத்தில் உப்பே இருக்காது. புத்தளம் உப்பளத்து உப்பைக் கரைத்தாலும் ஆகாது. உப்பு படியும்போது மக்னீசியம் முதலான பலவும் கசப்பு நீரோடு போய்விடுகின்றன. எனவே தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை வடிகட்டிய நீரில் கரைப்பதே வழி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். 191 லிட்டர் தொட்டிக்கு அது 19 லிட்டர், குடிநீர் வருகிற 20 லிட்டர் கேன் ஒன்று. ஒருவர் தூக்கிவிடலாம். ஆறடித் தொட்டி என்றால் மூன்று நான்கு கேன்.

அதனால் இந்த ஊர் வீட்டுக்கு என் தேர்வு அந்த மூன்றுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடி தொட்டிதான், கிடந்த நிலையில். ஒரு ஜோடி கோமாளி மீன், கூட இரண்டு மூன்று சிறு மீன்கள், அதற்கு மேல் வேண்டாம். கண்ணாடி, பாறை, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 250 கிலோவுக்குக் குறையாது. ஆடாத தாங்கியும் சமமான தரையும் தேவை, சாதாரண மேசை தாங்காது. தொட்டி வந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு உப்பைக் கரைத்து, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் மீனில்லாமல் ஓடவிடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் வாங்கப் போங்கள்.