பாம்படம் யாருக்கு?

வடநாட்டுப் பெண் ஒருத்திக்கு 1955-ல் திருமணம் நடந்தது. மூன்றே மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்தான். புகுந்த வீட்டார் அவளைத் துரத்திவிட்டார்கள். தாய் வீட்டார் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனாள். வங்கியிலும் சேமநிதியிலும் கணிசமான பணம் சேர்ந்தது. 1996-ல் இறந்தாள். உயில் எழுதவில்லை.

பெற்ற தாய் பணத்தைக் கேட்டாள். கணவனுடைய சகோதரியின் மகன்களும் கேட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2009-ல் தீர்ப்பு வந்தது. பணம் துரத்தியவர்கள் பக்கத்துக்கே போயிற்று!

1956-ம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. பிள்ளை இல்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவள் உழைத்துச் சேர்த்ததும் முதலில் கணவனின் வாரிசுகளுக்குத்தான். அவர்களில் ஒருவரும் இல்லாவிட்டால்தான் தாய் தந்தைக்கு. பெண்கள் உயில் எழுதி வைப்பது நல்லது என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டே கேட்டுக்கொண்டது.

பிள்ளைகள் உள்ள விதவைக்கு இந்த ஆபத்து இல்லை. வேறு சங்கடங்கள் உண்டு. மும்பை தாராவியில் பிள்ளைகளோடு வாழும் நெல்லைச் சீமைத் தாய் ஒருத்திக்கு என்ன இருக்கும்? ஊரில் ஒரு வீடு, சில சவரன் நகை, வங்கியில் கொஞ்சம் பணம், குடியிருக்கும் வாடகை அறை.

ஊர் வீடு கணவன் சொந்தமாக வாங்கியது; அவர் உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால், அது முழுவதும் அவளுடையது அல்ல. இரண்டு மகன், ஒரு மகள் இருந்தால் (மாமியார் அப்போது உயிரோடு இல்லை என்றால்) அவளுக்கு நாலில் ஒரு பாகம். அந்தப் பாகத்தைத்தான் அவள் எழுத முடியும். வீடு முழுவதையும் கடைக்குட்டிக்கு எழுதி வைத்தால், பிற பிள்ளைகளின் பாகத்தை அது கட்டுப்படுத்தாது.

வாடகை அறையை உயிலில் எழுதவே முடியாது. மும்பை வழக்கு ஒன்றில் 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு இப்படித் தீர்ப்பளித்தது. அவள் இறக்கும்போது கூடவே குடியிருந்த குடும்பத்தாருக்குத்தான் வாடகை உரிமை தொடரும்.

வங்கிக் கணக்கில் மூத்த மகன் 'நாமினி'யாக இருக்கலாம். அவன் பணத்தை வாங்கலாமே தவிர, அதனாலேயே சொந்தக்காரன் ஆகிவிட மாட்டான். உயிலில் யார் பெயரோ அவருக்குத்தான் பணம்.

மனத்தாங்கல் அதிகம் வருவது நகையில்தான். "என் நகைகளைப் பெண்கள் பிரித்துக்கொள்ளட்டும்" என்று ஒரே வரியில் எழுதினால் மகளும் மருமகளும் அதை ஒரே மாதிரி படிக்க மாட்டார்கள். பாம்படம் மூத்த பேத்திக்கு, இரட்டைவடச் சங்கிலி மகளுக்கு, வளையல் நாலும் கடைசிவரை கஞ்சி ஊற்றிய மருமகளுக்கு என்று பொருளையும் எடையையும் ஆளின் பெயரையும் எழுதிவிடுவது மேல்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவள் கைநாட்டு வைக்கலாம். சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். அவள் கைநாட்டு வைப்பதைப் பார்த்து, அவள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பாகம் பெறுகிறவர்களைச் சாட்சியாக்காமல் இருப்பது நல்லது. தள்ளாத வயதுக்காரரை நிறுத்தினால் பின்னால் கோர்ட்டுக்கு வர ஆள் இருக்காது. ரிஜிஸ்டர் செய்வது கட்டாயம் இல்லை. செய்துவிட்டால் சந்தேகம் குறையும்.

உயிரோடு இருக்கும்வரை உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். ஆனால் தானப் பத்திரம் வேறு. அதில் கைநாட்டு வைத்துப் பதிவு செய்துவிட்டால் சொத்து அன்றைக்கே கை மாறிவிடும். திரும்பப் பெறுவது பெரும்பாடு. "உயில்தானம்மா, வையுங்கள்" என்று மகன் தாளை நீட்டினாலும், வெளியாள் ஒருவரை விட்டு முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பெருவிரலில் மை தடவ வேண்டும்.