பூனைக்கும் வரும் சர்க்கரை வியாதி!

பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. ஜிலேபியை முன்னால் வைத்தால் அதற்கு நெய் வாசனை தெரியும். இனிப்பு மட்டும் தெரியாது! இனிப்பை உணரும் உறுப்பு அதன் நாக்கில் வேலை செய்யாததற்கு என்ன காரணம் என்பதை 2005-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

ஆனாலும், பூனைக்குச் சர்க்கரை வியாதி வருகிறது!

மனிதர்களுக்கு வருவது போலவேதான் வருகிறது. வயதான பூனைக்கு வருகிறது. உடல் பெருத்த பூனைக்கு வருகிறது. ஓடியாடி எலி பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் பூனைக்கு வருகிறது. பெண் பூனையைவிட, விதை நீக்கப்பட்ட ஆண் பூனைக்கு அதிகமாக வருகிறது.

இந்த வியாதி வந்த பூனையை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற முடியுமா?

முடியும். நன்றாகவே முடியும்! அதற்கு வேண்டியவை மூன்று: கவனம், நேரம் தவறாமை, பொறுமை.

மூப்பு என்று நினைக்காதீர்கள்

பத்து வயதுப் பூனை என்பது மனிதக் கணக்கில் ஏறக்குறைய 56 வயது ஆளுக்குச் சமம். ஆகவே, பூனை இளைத்தால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் தவறு நேருகிறது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் நான்கு.

ஒன்று: பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணி. அது திடீரென்று கிண்ணம் கிண்ணமாகக் குடித்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு: அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அந்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மூன்று: முன்னைவிட அதிகமாகத் தின்னும். ஆனால், உடம்பு இளைத்துக்கொண்டே போகும்.

நான்கு: பூனை குதிகாலை உயர்த்தி, விரல்களை ஊன்றி நடப்பது வழக்கம். வியாதி முற்றினால் பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி நடக்கும். மதில் மேல் தாவ முடியாமல் தவிக்கும். நரம்புகள் தளர்ந்துவிட்டதே காரணம்.

தாகமும் மெலிவும் சிறுநீரகக் கோளாறிலும் வரலாம். தைராய்டு கோளாறிலும் மெலிவு வரலாம். எனவே, நாமாக முடிவு கட்டக்கூடாது. கால்நடை டாக்டரிடம் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனதும் பூனை பயந்துவிடும். பயத்தினாலேயே அதன் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும்! அதனால் ஒரு தடவை எடுத்த ரத்தத்தை மட்டும் நம்பாமல், சென்ற இரண்டு மூன்று வாரங்களில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதைக் காட்டும் 'ஃப்ரக்டோசமின்' பரிசோதனையையும் டாக்டர்கள் செய்வதுண்டு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வயிற்றில் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அது இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் ஒரு சாவி போல. அந்தச் சாவி கதவைத் திறந்தால்தான் ரத்தத்தில் உள்ள சர்க்கரை உடம்பின் தசைகளுக்குள் போகும்.

பூனை கொழுத்துவிட்டால் சாவி சரியாகத் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப் போகிறது. ரத்தத்தில் சர்க்கரை குவிகிறது. வீடு நிறைய நெல் இருந்தும் உலைக்கு அரிசி இல்லாத கதைதான்!

1921-ம் ஆண்டில் கனடா நாட்டின் டொரண்டோ நகரத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அந்த ஊசி போடப்பட்டது. அன்று மனிதனைக் காப்பாற்றிய மருந்துதான் இன்று பூனையையும் காப்பாற்றுகிறது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

பெரும்பாலான பூனைகளுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும். காலை 7 மணி என்றால், மாலை 7 மணி.

"ஐயோ, நானா ஊசி போடுவது!" என்று தாய்மார்கள் பயப்பட வேண்டாம். ஊசி மிக மெல்லியது. பூனையின் தோல் தளர்வானது. தோலைக் கூடாரம் போல் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் செலுத்த வேண்டும். டாக்டர் ஒரு தடவை செய்து காட்டினால் எவரும் கற்றுக்கொள்ளலாம். பூனை தின்றுகொண்டிருக்கும்போதே போட்டுவிடலாம். பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை!

மருந்தை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். உறைய விடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி வேண்டும்.

சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

இது மிக முக்கியம். இரண்டு தடவை படியுங்கள்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் இருவகை இன்சுலின் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். மற்றொன்றில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்சு உண்டு. பொதுவாக 40-க்கு சிவப்பு மூடி; 100-க்கு ஆரஞ்சு மூடி.

100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் என்ன ஆகும்? இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்! பூனைக்குத் தொடக்கத்தில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு யூனிட் அளவுதான். அது ஒரு சொட்டுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய உடம்பில் இந்தப் பிழை உயிரைக் குடித்துவிடும்.

வீட்டில் தாத்தாவுக்கும் சர்க்கரை வியாதி இருக்கலாம். அவருடைய மருந்தையோ மாத்திரையையோ பூனைக்குக் கொடுக்காதீர்கள்.

தவறினால் தப்பு இல்லை; இரட்டித்தால் ஆபத்து

அப்பா காலையில் ஊசி போட்டுவிட்டுப் போகிறார். அது தெரியாமல் அம்மாவும் போடுகிறார். விபரீதம் இப்படித்தான் வருகிறது.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதல்லவா? ஊசி போட்டவுடன் அன்றைய தாளில் ஒரு கோடு போடுங்கள். கோடு இருந்தால், ஊசி கிடையாது!

மருந்து உள்ளே போயிற்றா, ரோமத்தில் வழிந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் மறுபடியும் போடக்கூடாது. அடுத்த வேளை வழக்கம்போல் போட்டால் போதும். ஒரு வேளை தவறினால் பூனைக்குப் பெரிய கெடுதல் இல்லை. பூனை சாப்பிட மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஊசி போடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம். உடனே கொஞ்சம் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறும். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

பால் சோறு வேண்டாம்!

நம் வீடுகளில் பூனைக்குப் பால் சோறு வைப்பது வழக்கம். ஆனால், பூனை பிறவியிலேயே மாமிசப் பிராணி. சர்க்கரை வியாதி வந்தபின் சோறு, பால், பிஸ்கட் மூன்றுக்கும் விடை கொடுக்க வேண்டும்.

மாவுச்சத்து குறைந்த, மாமிசச் சத்து மிகுந்த உணவே ஏற்றது. வேகவைத்த கோழியும் மீனும் கொடுக்கலாம். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. கோழியை மட்டுமே நெடுநாள் கொடுத்தாலும் சத்துக்குறை வரும். ஆகையால், டாக்டர் சொல்லும் உணவையும் சேர்க்க வேண்டும்.

உணவைத் திடீரென்று மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறையும்போது ஊசியின் அளவையும் டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும். கொழுத்த பூனையைப் பட்டினி போடவும் கூடாது. போட்டால் ஈரல் கெடும்.

குணமாகுமா?

நாய்க்கு இந்த வியாதி வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ஊசிதான். பூனையின் கதை வேறு. வியாதி தொடங்கிய சில மாதங்களுக்குள் முறையாக வைத்தியம் செய்தால், களைத்த கணையம் இளைப்பாறித் தேறுவதுண்டு. அப்போது ஊசியையே நிறுத்திவிடலாம்! ஆனால், மீண்டும் வரக்கூடும் என்பதால் கவனத்தை நிறுத்தக்கூடாது.

அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில் பூனைக்கென்றே ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். எல்லாப் பூனைக்கும் அது ஆகாது. முன்பே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைக்கு அதைக் கொடுக்கக்கூடாது.

மருந்துக்கும் உணவுக்கும் பணம் செலவாகும். அதை மறைப்பதற்கில்லை. ஆனால், நாளாக நாளாக வியாதி முற்றி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் செலவு இன்னும் பெருகும். வேதனையும் பெருகும்.

பூனையால் "தாகமாயிருக்கிறது" என்று சொல்ல முடியாது. அதன் தண்ணீர்க் கிண்ணம்தான் சொல்லும். இன்று மாலை அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்!